பச்சைக் கதவும் கிடங்குக்காரர் சவரியும்

உர்சுலாவைக் கேட்டால், தான் ஒரு டைப்பிஸ்ட் என்றுதான் சொல்வாள். நாவல் எழுதியவள் என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டாள். சொன்னால் என்ன நாவல் என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் கேம் டப்பாவுக்குள் டிஸ்கோடு சேர்த்துப் போடுகிற நாவல் என்று விளக்க வேண்டும். அதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை அவள் பார்த்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் சிலிகி ரோட்டில், துணிக்கடைக்கு மேலே இருந்தது அந்தக் கம்பெனி. முதலாளி சேதுபதி லண்டனில் படித்தவர். ‘இரும்புத் தீவு’ என்று இங்கிலீஷில் ஒரு கேம் போட்டார். திரையில் படம் கொஞ்சம், எழுத்து நிறைய. ஆடுகிறவன் ‘வடக்கே போ’, ‘சாவியை எடு’ என்று தட்டத் தட்டக் கதை நகரும். வெளிநாட்டு கேம் டப்பாக்களில் கதைப் புத்தகம் ஒன்று கூட வருவதைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்தது. உர்சுலா அடிக்கும் கடிதங்களில் பிழை இருக்காது. அந்த ஒரு தகுதியை வைத்து, “நீயே எழுதிடு” என்று சொல்லிவிட்டார்.

அந்த கேமில் பேரில்லாத கிடங்குக்காரர் ஒருவர் வருவார். சாவி ஒன்றைக் கொடுத்துவிட்டு மறைந்துவிடுவார், அவ்வளவுதான் அவர் வேலை. உர்சுலா அவரைப் பிடித்துக்கொண்டாள். தன் அப்பாவையே அவருக்குள் உட்கார வைத்தாள்.

அப்பா சவரிராஜ், துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் காவல் இருந்தவர். எழுபத்தி நாலில் அங்கே செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. சாவி அவரிடம்தான் இருந்தது. விசாரணையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாளையிலிருந்து வராதே என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்போது அவர்கள் பஃப்ளோ ரோட்டில் குடியிருந்தார்கள். தெரு முழுக்கப் பேசியது. பிறகு பூன் லே அடுக்குமாடிக்கு மாறி வந்தும், ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஓஃபிர் ரோடு கோயிலுக்குப் போனால் அதே முகங்கள்தான். பூசையில் காசு வசூலிக்கும் காணிக்கைத் தட்டு மட்டும் அவர் கைக்கு ஒருநாளும் வரவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

புத்தகத்தில் அந்தக் கிடங்குக்காரருக்கு சவரி என்று பேர் வைத்தாள். அவர் மேல் பழி விழுந்தது. கடைசியில் உண்மை தெரிந்து, தீவே அவர் முன்னால் தொப்பியைக் கழற்றியது. எவன் படிக்கப் போகிறான் என்ற தைரியம் அவளுக்கு.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவளே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்டு முடித்தவர் எழுந்துபோய்ப் புத்தகத்தை இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் விரித்துக் காட்டினார். “எம் பொண்ணு எழுதுனது. நான் எடுக்கலன்னு இதுல போட்டுருக்கு.” அச்சில் வந்துவிட்டால் அவருக்கு அது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி. உர்சுலா வெட்கப்பட்டாள், தடுக்கவில்லை. அன்றைக்கே தடுத்திருக்க வேண்டும்.

அதற்குள் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புத்தகத்தில் கோட்டைக் கதவு பச்சை, கேமில் சிவப்பு, இதில் எது நிஜம் என்று எவனோ வேலை வெட்டி இல்லாதவன் கேட்டிருந்தான். சேதுபதிக்கு மானமே போய்விட்டது. இனிமேல் கேமும் புத்தகமும் ஒத்துப்போக வேண்டும், புரோகிராம் எழுதும் பையன்கள் புத்தகத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்களும் படித்தார்கள். எதற்குப் படித்தார்கள் என்பது இரண்டாவது கேம் வந்தபோதுதான் தெரிந்தது.

“பாரு உர்சுலா, எதிரிகிட்ட சாவிய வித்த திருடனுக்கு ஒரு பேரு தேவைப்பட்டுச்சு. உன் புக்குலேருந்தே எடுத்துட்டோம். கிடங்குக்காரன் சவரி! ரெண்டும் இப்ப ஒத்துப்போகுதுலா?” என்றார் சேதுபதி.

“சார், புக்குல அவரு திருடல சார்.”

“அது மொத புக்கு. இப்பத் திருடுறான். ஆடுறவனுக்கு ஒரு ஷாக் வேணும்லா.”

“பேரையாவது மாத்திடுங்க சார்.”

“டிஸ்க்கெல்லாம் காப்பி ஆயிடுச்சு. கேம்தான் ஒரிஜினல், புக்கு அதுக்குப் பின்னாடிதான் வரணும்.”

என் அப்பா பேர் சார் அது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்பா பேருக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்பார். அதை எந்த வாயால் சொல்வது? இரண்டாவது புத்தகத்தை அடிக்கப் போய் டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நாம் எழுதாவிட்டால் வேறொருத்தன் கண்டபடி எழுதுவான், நாமே எழுதினால் மரியாதையாகவாவது எழுதலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சவரி ஏன் திருடினான் என்பதற்குப் பசி வைத்தாள், அவமானம் வைத்தாள், கண்ணீர் வைத்தாள். படிக்கிறவன் ஆமாம், இவன் திருடித்தான் இருப்பான் என்று நம்பும்படி ஆகிவிட்டது. அவள் எழுதியதிலேயே அதுதான் நன்றாக அமைந்தது. கொடுமை!

“நம்ம ஆளு என்ன ஆனாரு?” என்று புத்தகம் அச்சாகி வந்ததும் அப்பா கேட்டார்.

“பெரிய ஆபீசராயிட்டாருப்பா,” என்றாள்.

அவர் அந்தப் புத்தகத்தையும் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதையும் கோயிலுக்குக் கொண்டுபோனார். சிராங்கூன் ரோட்டில் ரேடியோக் கடை வைத்திருந்த பெர்னார்டின் வீட்டில் பிள்ளைகள் அந்த கேமை ஆடி முடித்திருந்தார்கள். பெர்னார்ட் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பத்துப் பேர் நிற்கும்போதே சிரித்தார். “என்ன அண்ணே, கடைசில திருடுனது நீங்கதானாமே? உங்க பொண்ணே எழுதியிருக்குலா!”

அன்றைக்கு அப்பா யாருடனும் பஸ் ஏறவில்லை. பொழுது சாய வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, பெர்னார்ட் கேட்டதைச் சொன்னார். உர்சுலா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பையன்கள் பேரை எடுத்தது, ஒத்துப்போக வேண்டும் என்று முதலாளி சொன்னது, எதையும் மறைக்கவில்லை.

“கேம்ல அப்படி இருந்துச்சுப்பா. நான் என்ன செய்ய முடியும்?”



“கேம்காரனுக்கு என்னைத் தெரியாது, உர்சுலா. உனக்குத் தெரியும்.”

இரண்டு புத்தகங்களையும் படத்தின் பக்கத்திலிருந்து எடுத்து அவள் மேஜையில் வைத்தார். ஓஃபிர் ரோட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். சாகும்வரை வீட்டுக்கு அருகில் இங்கிலீஷ் பூசை நடக்கும் கோயில் ஒன்றுக்குத்தான் போய்வந்தார். ஒரு வார்த்தை புரியாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது புத்தகத்தில் உர்சுலா சவரியை அடியோடு எடுத்துவிட்டாள். கேமில் அவன் சிறையில் இருந்தான், புத்தகத்தில் அவன் பிறக்கவே இல்லை. பிழை என்று யாராவது எழுதட்டும், முதலாளி கூப்பிட்டுத் திட்டட்டும், அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். தபால் வரும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்தாள். கதவின் நிறத்துக்குக் கடல் தாண்டிக் கடிதம் போட்டவர்கள் இருந்தார்கள். சவரி எங்கே என்று கேட்டு ஒருத்தரும் எழுதவில்லை.