வலப்பக்கச் சாலையில் ஞானமேரி

ஞானமேரி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தொன்பதாவது வயதில். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல, வேறு வழியில்லாமல்தான்.

அவள் கணவர் யூஜின் இருபத்தாறு வருடம் வேன் ஓட்டியவர். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு, ஆற்றுப் பாலம் தாண்டி, நெரிசலில் ஊருக்குள் நுழைந்து, தட்டாஞ்சாவடியில் ஒரு தையல் கம்பெனி வாசலில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். வேன் சொந்த வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்பு மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர், சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே கீழே சாய்ந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வலிப்பு என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இனிமே ஸ்டீயரிங் பக்கம் போகக்கூடாது" என்றார்.

வேனுக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். முதலில் வந்தவன் பாதி நாள் வருவதில்லை. இரண்டாவதாக வந்த வடிவேல் நல்லவர்தான், ஆனால் அவருக்கு வேறு வேலை இருந்தது. ஒரு வருடம்தான் முடியும் என்று சொல்லியே வந்தார். அந்த ஒரு வருடத்துக்குள் ஞானமேரி காரில் பழகி லைசென்ஸ் எடுத்தாள். அப்புறம் ஆள் ஏற்றும் வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ். முதல் நாள் அவள் வேனைக் கொண்டுபோய் நிறுத்தியபோது நான்கு பெண்கள் ஏறவே இல்லை, டவுன் பஸ் பிடித்துப் போனார்கள். ஒரு மாதத்தில் அவர்களும் வந்துவிட்டார்கள். ஏழு வருடமாக அதே பாலம், அதே சிக்னல், அதே பதினாலு பேர்.

யூஜின் வீட்டோடு இருந்தார். விடியற்காலையில் எழுந்து டயரைத் தட்டிப் பார்ப்பார், ஆயில் பார்ப்பார், கண்ணாடி துடைத்து வைப்பார். ஐந்து வருடமாக வலிப்பு வரவில்லை என்பதால், ஸ்கூட்டர் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிக்கூட அவர் சாவியைத் தொடவில்லை. கடைக்கு நடந்தே போவார். டாக்டர் முதலில் சொன்னதற்கு இவ்வளவு மரியாதையா என்று ஞானமேரிக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மகள் மெரினும் மருமகன் ஜெஸ்டினும் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் பக்கம் இருந்தார்கள். மெரினின் பிரசவத்துக்காக ஞானமேரியும் யூஜினும் நவம்பரில் போனார்கள். மூன்று மாதத்துக்கு வடிவேலிடம் கெஞ்சி வேனை ஒப்படைத்தாகிவிட்டது. பேத்தி பிறந்தாள். கிறிஸ்மஸ் போனது. ஜனவரியில் ஒரு நாள் யூஜின், வாய் விட்டு எதையும் கேட்காத மனிதர், சொன்னார்:

"இங்க பெரிய பள்ளத்தாக்கு ஒண்ணு இருக்காமே. அதுக்குப் போற ரோட்டைப் பாக்கணும்."

"பள்ளத்தாக்கைப் பாக்கணுமா, ரோட்டைப் பாக்கணுமா?" என்று மெரின் கேட்டாள்.

"ரெண்டும்தான்."

ஜெஸ்டின் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவன் ஆபீசில் விடுப்பு இல்லை என்றுவிட்டார்கள். கைக்குழந்தையோடு மெரின் வர முடியாது. "அடுத்த தடவ பாத்துக்கலாம்ப்பா" என்றாள். யூஜின் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஞானமேரி சொன்னாள்: "நான் ஓட்டுறேன்."

புதுச்சேரியில் கிளம்பும்போதே அவள் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட் எடுத்து வந்திருந்தாள். இருக்கட்டுமே என்று எடுத்ததுதான். மெரின் பயந்தாள். ஜெஸ்டின் ஒரு வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு நாள் சாயங்காலமும் பக்கத்துத் தெருக்களில் அவளோடு சுற்றி வந்தான். "அத்தை நல்லா ஓட்டுறாங்க" என்று மெரினிடம் சொன்னான்.

கிளம்பிய அன்று முதல் அரை மணி நேரம் அவள் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடியது. இண்டிகேட்டர் போடப் போய் இரண்டு முறை வைப்பர் ஓடியது. யூஜின் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மேரி, ரைட்டு லெஃப்ட்டுன்னு யோசிக்காத. நடுக்கோடு டிரைவர் பக்கம் இருக்கணும், அவ்வளவுதான். நம்ம ஊர்லயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான்."

அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. அதற்கப்புறம் தடுமாற்றம் இல்லை.

ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகக் கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. நேரம் போகப் போகச் சாலை மேலே ஏறியது. கள்ளி மறைந்து பைன் மரங்கள் வந்தன. மரத்தடியில் பனி வெள்ளையாகக் கிடந்தது. பிற்பகலில் கிராண்ட் கேன்யன் போய்ச் சேர்ந்தார்கள். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பூமி அடுக்கு அடுக்காக அறுபட்டுக் கீழே போய்க்கொண்டே இருந்தது. செம்மண் நிறம், செங்கல் நிறம், சுட்ட ஓட்டின் நிறம், விளிம்பு முழுக்கப் பனி. ஞானமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். யூஜின் குளிரில் கண்ணில் நீர் வந்ததைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

பக்கத்திலேயே ஒரு விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் வெயில் வந்த பிறகு கிளம்பினார்கள். பள்ளத்தாக்கின் ஓரமாகவே கிழக்கே போகும் சாலை. வண்டிகள் அதிகமில்லை. மரங்கள் அடர்ந்து நிழல் விழுந்த ஒரு வளைவில் சாலை வெறுமனே ஈரமாக இருப்பதுபோல் தெரிந்தது. அது ஈரமில்லை, கண்ணாடியாக உறைந்த பனி. கார் வழுக்கியது.

ஸ்டீயரிங்கைத் திருப்பினாள், கார் திரும்பவில்லை. பின்பக்கம் மெதுவாக நழுவிப் பக்கவாட்டில் வந்தது. கால் பிரேக்கை அழுத்தப் போனது.

"காலை எடு" என்றார் யூஜின். சத்தம் போடவில்லை. "பிரேக் வேணாம். எங்க போகணுமோ அங்க பாரு. ஸ்டீயரிங்கைச் சும்மா புடிச்சுக்க."

அவள் காலை எடுத்தாள். தூரத்தில் வெயில் விழுந்த இடத்தைப் பார்த்தாள். இரண்டு மூன்று விநாடிதான். டயர் மறுபடி தரையைப் பிடித்துக்கொண்டது.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி எடுக்க முடியாது என்று தோன்றியது. சாலை இறங்கத் தொடங்கியது. மரங்கள் பின்னால் போயின, பனி போயிற்று, வெட்டவெளியாகப் பாலைநிலம் விரிந்தது. சிவந்த மண்ணும் முட்புதரும் தவிர ஒன்றுமில்லை. சாலையோரம் இன்னொரு சிறு பள்ளத்தாக்கைப் பார்க்க வசதியாக வண்டி நிறுத்தும் இடம் ஒன்று இருந்தது. அங்கே நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"என்ன ஆச்சுன்னே புரியல. வண்டி இருக்கு, கை இருக்கு, ஆனா என் கையில ஒண்ணுமே இல்ல" என்றாள்.

யூஜின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். "முருங்கப்பாக்கத்துல."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. முருங்கப்பாக்கம் விபத்து அவளுக்குத் தெரியும். அவர் வலிப்பு வந்து விழுவதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்தது. வேன் சாலையின் நடுத்திட்டில் ஏறியது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சி முகத்தில் அடிபட்டு இரண்டு பல் போயிற்று, உதட்டில் தையல். குறுக்கே நாய் வந்தது என்று யூஜின் சொன்னார். வாயில்லா ஜீவனைக் காப்பாற்றினார் என்று அந்தப் பெண்கள் அவரைப் பாராட்டவே செய்தார்கள்.

"நாய் வரலியா?"

"நாய் ஒண்ணும் வரல. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. திடீர்னு நடுவுல கொஞ்ச நேரம் காணாமப் போயிடுச்சு. முழிச்சுப் பாத்தா வண்டி திட்டு மேல நிக்குது."

"அது ஒரு தடவதானே?"

"அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ. ஒண்ணும் ஆகல. மரப்பாலம் சிக்னல்கிட்ட ஒரு தடவ, ஆத்துப் பாலத்து மேலயே ஒரு தடவ."

"அப்புறமும் ஓட்டுனீங்களா?"

"ஓட்டுனேன். மூணு மாசம்."

காற்று காரை இலேசாக அசைத்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பெண் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மேசையில் மணிமாலைகளைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் வாங்க யாரும் இல்லை.

"பாலத்து மேல" என்றாள் ஞானமேரி. "பதினாலு பேரை வச்சுக்கிட்டு."

"டாக்டர்கிட்ட போனா வண்டியை நிறுத்தச் சொல்லிடுவாங்கன்னு பயம். மெரின் கடைசி வருஷம் படிச்சிட்டிருந்தா. அது முடியட்டும்னு..."

"அவ பேரை இழுக்காதீங்க. அவளா உங்களை ஓட்டச் சொன்னா?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட சொல்லல மேரி. எட்டு வருஷமா வாய் வரல. அதான் ஸ்கூட்டரைக்கூடத் தொடல" என்றார்.

ஞானமேரி காரை எடுத்தாள். நிறுத்தாமல் இரண்டு மணி நேரம் ஓட்டினாள். இடதும் வலதும் சிவப்புப் பாறைச் சுவர்கள் வந்து வந்து போயின. அவள் மனத்தில் அந்தப் பதினாலு பேரும் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். ஏறினதும் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிற கவிநிலா. கல்யாணமாகி, பிரசவத்துக்குப் போய், திரும்பி வந்தவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு கண் திறந்தபடியே காணாமல் போன ஒருவர் அந்தப் பாலத்தின் மேல் ஓட்டியிருக்கிறார்.

இன்னொன்றும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த நாட்களில் ஒரு காலை யூஜின் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் வழிந்து காலை நனைப்பதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவள் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. பிறகு திரும்பி, "என்ன?" என்றார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாளா? ஏதோ சரியில்லை என்று அன்றைக்கே தோன்றத்தான் செய்தது. கேட்டால் என்ன பதில் வருமோ என்றுதான் கேட்காமல் விட்டாள்.

மதியம் தாண்டி, ஆறு வளைந்து ஓடும் இடம் ஒன்றுக்கு வந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு மணலில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். யூஜின் இறங்கவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார். அவள் தனியாகப் போனாள். பாறை விளிம்பில் கம்பி போட்டிருந்தார்கள். வெகு கீழே பச்சையாக ஆறு ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனது. மேலே இருந்து பார்க்கையில் தண்ணீர் அசையவே இல்லை. வெயில் இருந்தும் காது குளிரில் வலித்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து, தன் பாஷை யாருக்கும் தெரியாத ஊரில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். அவர்மேல் கோபமா, தன்மேலா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

திரும்பி வந்தபோது அவர் காருக்கு வெளியே நின்றிருந்தார். பிளாஸ்கில் இருந்த டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"ஊருக்குப் போனதும் அஞ்சலாட்சிகிட்ட சொல்லணும்."

"நீ சொல்லுவியா?"

"நீங்கதான் சொல்லணும். நான் கூட வரேன்."

"சொன்னா அவ என்ன பண்ணுவா?"

"எனக்குத் தெரியாது. வேனே இல்லாமப் போனாலும் போகட்டும். தெரிஞ்சுக்கிட்டு நான் அவ மூஞ்சியைக் கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்ட முடியாது."

கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள்: "குழாயடியில நீங்க நின்னதை நான் பாத்தேன். அன்னிக்கே உங்களைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்."

யூஜின் அவளைப் பார்த்தார். மூடியை உதறித் துடைத்துப் பிளாஸ்கில் திருகினார்.

மறுநாள் அவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். பேச்சு குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்றங்களில் அவர் சாலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்; மழைத்தண்ணீர் நிற்காமல் எப்படிச் சரிவு கொடுத்திருக்கிறார்கள், வளைவில் வெளிப்பக்கத்தை எப்படி உயர்த்தியிருக்கிறார்கள் என்று. அவள் கேட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி கடைசியில் புதுச்சேரி வந்து சேர்ந்த நான்காம் நாள், சாயங்காலம், அரியாங்குப்பத்தில் அஞ்சலாட்சி வீட்டுக்குப் போனார்கள். அவள் முறத்தில் முருங்கைக் கீரையை வைத்து உருவிக்கொண்டிருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். யூஜின் உட்காராமல் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மூன்று தடவை நடந்ததையும், நாய் வராததையும், அப்புறமும் மூன்று மாதம் ஓட்டியதையும் சொன்னார்.

அஞ்சலாட்சியின் கை கீரையிலேயே நின்றது.

"அப்போ நாயே இல்லியா?"

"இல்லம்மா."

"நாயைக் காப்பாத்துன மனுசன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேனே."

அவர் தலை குனிந்தார். அவள் கட்டுப்பல்லை நாக்கால் ஒருமுறை அழுத்திக்கொண்டாள்.

"இப்ப எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணல. நீங்க போங்கண்ணே" என்றாள்.

மறுநாள் அவள் வேனுக்கு வரவில்லை. மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்த வாரத்திலேயே இரண்டு பெண்கள் வேறு வேனுக்கு மாறிப் போனார்கள். அவர்களை ஞானமேரி ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனியிலிருந்து மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். "இப்ப ஓட்டுறது நான் சார்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார். யூஜின் பங்குச் சாமியாரிடம் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். விடியற்காலையில் டயரைத் தட்டிப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒன்பது நாள் அஞ்சலாட்சி டவுன் பஸ்ஸில் போனாள். பத்தாம் நாள், வேன் நிற்கும் இடத்தில் மற்றவர்களோடு நின்றுகொண்டிருந்தாள். ஏறினாள். வழக்கமான இடத்தைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். பாலம் வந்தது, போனது. மரப்பாலம் சிக்னலில் வண்டி நின்றபோது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"மாத்திரை ஒழுங்கா போடுறாரா?"

"போடுறாரு. எடுத்துக் குடுக்குறது நான்தான்."

"வலிப்பு நின்னுடுச்சுன்னு மாத்திரையை விட்டுடப் போறாரு. எங்க அப்பா அப்படித்தான் விட்டாரு."

"விட மாட்டேன்" என்றாள் ஞானமேரி. பச்சை விழுந்தது. முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே புகுந்தது. அதற்கு வழி விட்டு, அவள் வேனை எடுத்தாள்.