நாய்க்கதை எழுதிய பெரிய கிளாக்கர்

பினாயில் வாடை எங்கே வந்தாலும் எனக்குக் குமட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். நோய்க்குப் பயப்படுகிறேன் என்று கூட வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த வாடை என்னை மலைநாட்டில் பெரகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு, பெரிய கிளாக்கர் குடியிருந்த "கோட்டர்ஸ்" படிக்கட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறது. லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த கூலிக்காரர் பிள்ளைகள் நாங்கள் அந்தப் படியில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்தால், வேலியைத் தாண்டுவதற்குள் அந்த இடத்தில் ஒரு வாளி பினாயில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆபீசில் ஆட்களுக்குப் பேர் போடுவது, அதாவது யாருக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்கு எழுதுவது, அவர் உத்தியோகம், நாய்க்கதை எழுதுவது அவர் புகழ். சிறுவர் பத்திரிகைகளில் வந்த கதைகள் பின்னால் புத்தகங்களாகவும் வந்தன. அவர் கதையில் வரும் நாய்க்குச் சொறி பிடிக்காது, குப்பையைக் கிளறாது, லயத்துக் கோடியில் நின்று ஊளையிடாது. யாராவது ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒழுங்காகச் செத்துப்போகும். ஆனால் மனிதர் வாழ்நாளில் ஒரு நாய் வளர்த்ததில்லை. எந்த நாயாவது வேட்டியில் உரசிவிட்டால் அந்த வேட்டியைக் கொதிநீரில் போடச் சொல்வார். நாய் தூக்கத்தில் எப்படிக் காலை உதறும், மழைக்கு முன்னால் எங்கே போய்ப் படுக்கும், கோபித்துக்கொண்டால் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதையெல்லாம் எங்களிடம் கேட்டுத்தான் எழுதினார். நாங்கள் படியில் இருப்போம், அவர் நாலு முழம் தள்ளி நாற்காலியில். ஆளுக்கொரு பிஸ்கட் உண்டு. கையில் தரமாட்டார், படியில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார்.

என்னிடம்தான் அதிகம் கேட்பார், ஏனென்றால் என்னிடம் கருவாயன் இருந்தான். வாயும் மூக்கும் கறுத்த நாய். "கிளாக்கரையாவுக்கே பாடம் சொல்லிக் குடுக்கிற புள்ள" என்று லயத்தில் என்னைக் கேலி செய்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

தோட்டத்தில் வருசத்துக்கு ஒரு தரம் "நாய் சுடுற நாள்" வரும். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் "பெரட்டில்" கங்காணி அதை அறிவிப்பார். லயத்தில் வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் ஆபீசில் பதிந்த நாயாக இருக்க வேண்டும்; மற்றதெல்லாம் தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சரின் துப்பாக்கிக்கு. கோட்டர்ஸ் வேலிக்குள் நிற்கிற நாயை மட்டும் தொடமாட்டார்கள், அது உத்தியோகத்தர் நாய் அல்லவா. எங்கள் வீட்டில் பதிந்திருந்தது சித்தப்பாவின் வேட்டை நாய். கருவாயன் பதிவில் இல்லை.

அந்த வருசம் எனக்குப் பத்து வயது. "காட்டுப் பக்கம் வெரட்டி விட்டுரும்மா, ரெண்டு நாள்ல தானா வந்துரும்" என்றார் அப்பா. லயத்தில் பலரும் அதைத்தான் செய்தார்கள், அந்த நாய்கள் பிழைத்தும் கொண்டன. நான் கேட்கவில்லை. இத்தனை நாய்களுக்காக உருகி எழுதியவர் ஒரு நாயைக் காப்பாற்ற மாட்டாரா என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம் வந்தாலும் படித்த ஒருவரிடம் கொண்டுபோய், அவர் சொல்வதை அப்படியே நம்பிவிட்டு வருகிற சனம் நாங்கள். அச்சில் வந்தது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கழுத்தில் கயிற்றைக் கட்டிக் கருவாயனை நேரே கோட்டர்சுக்கு இழுத்துப் போனேன்.

பெரிய கிளாக்கர் கயிற்றை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார். "நீ பள்ளிக்கூடத்துக்குப் போ பிள்ளை. நாய் என்னோடை நிக்கட்டும், நான் பாத்துக்கொள்ளுறன்."

மத்தியானம் திரும்பி வந்தபோது கேட் ஓரத்தில் கயிறு மட்டும் கிடந்தது. நாய் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றார். கயிறு அறுந்திருக்கவில்லை, முடிச்சு அவிழ்ந்திருந்தது. அன்று சாயங்காலம் வாச்சர் எங்கள் வீட்டு வாசலில் வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். "நான் பாட்டுக்குத்தாங்க போனேன். ஐயாதான் கூப்புட்டாரு. வராந்தாவுல ஏறி நாசம் பண்ணிருச்சாம், வேலிக்கு வெளிய கொண்டுபோயி சுடுன்னாரு." அப்பா பெரிய கிளாக்கரிடம் போய்க் கேட்கவில்லை. பேர் போடுகிற கை அவருடையது.

சில மாதம் கழித்துப் பத்திரிகையில் கதை வந்தது. கருவாயனுக்கு அதில் "வீரன்" என்று பெயர். மண்சரிவில் சிக்கிய லயத்துச் சிறுமியைப் பாவாடையைக் கவ்வி இழுத்து வெளியே போட்டுவிட்டு அவன் மண்ணுக்குள் போய்விடுகிறான். நான் சொன்னதெல்லாம் அதில் இருந்தது, பெரிய படத்துடன். டீச்சர் என்னையே எழுப்பி வாசிக்கச் சொன்னார். வகுப்பே அழுதது. நானும் அழுதேன். துப்பாக்கிக்காக அல்ல, அந்த மண்சரிவுக்காக அழுதேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் கூசுகிறது. அந்த மனிதர்மேல் உள்ள அருவருப்பைவிட என்மேல் உள்ள அருவருப்பு அதிகம், ஏனென்றால் அதற்குப் பிறகு யார் கேட்டாலும் என் நாய் மண்சரிவில் என்னைக் காப்பாற்றிவிட்டுச் செத்தது என்றே சொல்லி வந்தேன். கல்யாணமாகிப் பண்டாரவளைக்கு வந்த பிறகு என் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன்.

அவர் காலமாகிப் பல வருசம் ஆகிறது. போன மாதம் எங்கள் தோட்டத்து இளைஞர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம், வீரன் கதையில் வரும் சிறுமி நான்தானாம், கட்டுரை வேண்டுமாம். இதுவரை நீங்கள் படித்ததை எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நம்ம லயத்தப் பத்தி புத்தகத்துல வந்ததே அது ஒண்ணுதாங்க. அதையும் கெடுக்கணுமா?" என்றார் சின்னவர். பாவம், அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் ஒரு வரியையும் மாற்றவில்லை. அவர்கள் மலரில் போடவில்லை.

அந்தக் கோட்டர்ஸ் இப்போது எல்லவுக்குச் சுற்றுலா போகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் இடம். பழைய லயத்தை இடித்துவிட்டார்கள். நாய் சுடுற நாளும் இல்லை, தடுப்பூசி போட்டு விட்டுவிடுகிறார்கள். இவற்றில் எது போனதற்கும் எனக்கு வருத்தமில்லை. இதை எழுதும்போது கருவாயன் எப்படி இருப்பான் என்று நாலு வரி எழுதப் பார்த்தேன். கண்ணை மூடினால் பத்திரிகைப் படத்தில் இருந்த அந்தச் சடை நாய்தான் வந்து நிற்கிறது. கருவாயனுக்குக் காது நிமிர்ந்திருந்ததா, மடிந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.