டிஸ்பாட்ச் பிரிண்டரை லினக்ஸில் ஓடவைத்த நாள்

சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவின் கம்ப்யூட்டர் காலை ஷிஃப்டின் நடுவில் செத்துப்போனது. ஹார்ட் டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. வெளியே லாரி பின்கதவைத் திறந்தபடி காத்திருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்களில் நடந்தது இது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் சிஸ்டம் அட்மின். கம்ப்யூட்டர் துறை என்று பெயர்தான் பெரிது. ஆள் நான் ஒருத்திதான். அன்று போகவேண்டியவை, முன்சக்கரத்தை ஒட்டிப் பொருத்தும் இரும்பு பிராக்கெட்டுகள். வாங்குகிற கார் கம்பெனி கையிருப்பு வைத்துக்கொள்ளாது. எங்கள் பெட்டி போய் இறங்கினால்தான் அவர்கள் லைன் ஓடும். பார்ட் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர் லேபிள் இல்லாவிட்டால் பெட்டியை கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள்.

டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் மகேந்திரன் கோவில்பட்டிக்காரர். பதற்றம் வந்தால் ஊர்ப்பேச்சும் வந்துவிடும்.

"மேடம், எதையாவது செய்யுங்க. கார் கம்பெனில இருந்து போன்ல ஏசுதாங்க."

மாற்று விண்டோஸ் மெஷின் கிடையாது. மெயிலுக்காக என் அறையில் நான் போட்டுவைத்திருந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருந்தது. லேபிள் அடிக்கும் எங்கள் ஸ்டாக் புரோகிராம் யூனிக்ஸ் சர்வரில் ஓடியதால் எந்த மெஷினிலிருந்தும் அதைத் திறக்கலாம். பிரிண்டர்தான் சிக்கல். அந்த டாட் மேட்ரிக்ஸை லினக்ஸில் யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை, நான் உட்பட.

கம்ப்யூட்டரை டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். பேரலல் கேபிளைச் சொருகி ஒரு வரி அனுப்பினேன். பிரிண்டர் அசையவில்லை. அப்படி ஒரு டிவைஸே இல்லை என்றது லினக்ஸ். பிளான்ட் ஹெட் சுந்தரம் சார் பின்னால் வந்து நின்றார். செல்போன் காதில்தான் இருந்தது.

"ஃப்ரீயா கிடைக்குதுன்னு போட்டா இப்படித்தான். எவ்ளோ நேரம் ஆகும் கலை?"

"பார்த்துட்டிருக்கேன் சார்."

கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயோஸுக்குள் போய்ப் பார்த்தேன். பிரிண்டர் கேபிளைச் சொருகும் பேரலல் போர்ட்டே டிஸேபிள் ஆகியிருந்தது. எனேபிள் செய்து, லினக்ஸில் அதற்கான மாட்யூலையும் லோட் செய்ததும் பிரிண்டர் கரகரவென்று ஓடியது. ஆனால் தாளில் முதல் வரி மட்டும்தான் இடது ஓரத்தில் இருந்தது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கியது. மூன்றாவது இன்னும் வலப்பக்கம். படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போனது. யூனிக்ஸ், லினக்ஸ் இரண்டிலும் வரி முடிவதற்கு ஒரே குறிதான். பிரிண்டருக்கோ "கீழே இறங்கு" என்று ஒன்று, "இடது ஓரத்துக்குத் திரும்பு" என்று இன்னொன்று, இரண்டும் சொல்லவேண்டும். அந்த இரண்டாவது குறியைச் சேர்த்து அனுப்ப, லினக்ஸோடு வந்த டெக்ஸ்ட் ஃபில்டரை பிரிண்ட் க்யூவில் சேர்த்தேன். வரிகள் நேராயின.

லாரி டிரைவர் ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், ஆச்சா? சிங்கப்பெருமாள் கோவில்ல ரயில்வே கேட்டு போட்டான்னா வண்டி அங்கியே மாட்டிக்கினு நிக்கும்."

"ஆச்சு. ஏத்தச் சொல்லுங்க."

லேபிள்கள் சுருள் சுருளாக வந்தன. உரித்து, ஒட்டி, பெட்டிகளை ஏற்றத் தொடங்கினார்கள். மகேந்திரன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

"எழுத்து பழசவிடப் பெருசால்ல விழுது மேடம். கண்ணாடி இல்லாமலே படிச்சிரலாம்."

எனக்கு அந்த வார்த்தை உறுத்தியது. எழுத்தின் அளவை நான் தொடவே இல்லை. பெரிதாக ஏன் விழவேண்டும்? குனிந்து, லேபிள் உரித்தபின் தரையில் போட்டிருந்த மஞ்சள் பின்தாளை எடுத்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்துக்கு வெளியே, ஓரத்தில், ஒவ்வொரு லேபிளுக்கும் ஓர் எழுத்து விழுந்திருந்தது. எல், எல், எல், ஆர், ஆர்.

இடது சக்கரத்து பிராக்கெட்டுக்கும் வலது சக்கரத்து பிராக்கெட்டுக்கும் பார்ட் நம்பர் ஒன்றேதான். கடைசி எழுத்து மட்டும்தான் வேறு: இடதுக்கு எல், வலதுக்கு ஆர். எழுத்தைச் சுருக்கி அடிக்கச் சொல்லி எங்கள் புரோகிராம் பிரிண்டருக்கு ஒரு கோட் அனுப்பும். டெக்ஸ்ட் ஃபில்டர் அதைக் குப்பை என்று வடிகட்டிவிட்டது. எழுத்து பெரிதாகி, கடைசி எழுத்து ஸ்டிக்கரைத் தாண்டிப் போய்விட்டது. எல்லாப் பெட்டியிலும் இப்போது ஒரே நம்பர்.

"வண்டியை எடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

விஷயத்தைக் கேட்டதும் சுந்தரம் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா விளையாடறியா? பொட்டியத் திறந்தா லெஃப்ட் எது, ரைட் எதுன்னு அவனுக்குத் தெரியாதா? அனுப்பு."

"அங்க லேபிளைப் பார்த்துத்தான் சார் லைனுக்கு எடுத்துட்டுப் போவாங்க. கலந்துடும்."

"லைன் நின்னா யார் பதில் சொல்றது? நீயா?"

லாரியின் பின்னாலிருந்து நான் நகரவில்லை.

மகேந்திரன்தான் பேசினார். "சார், லெஃப்ட்ட தனியாத்தான் அடுக்கச் சொன்னேன். ஒருக்கா திறந்து பாத்திருதேன்."

லாரியில் ஏறி, இடது என்று அடுக்கிய வரிசையில் ஒரு பெட்டியைத் திறந்தார். இடதுதான். பக்கத்துப் பெட்டியும் இடது. அதற்கடுத்ததைத் திறந்தவர், ஒரு பிராக்கெட்டை எடுத்துக் கீழே நீட்டினார். வலது.

சுந்தரம் சார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே கார் கம்பெனிக்குப் போன் போட்டார். "வண்டி லேட்டாகும் சார். லேபிள் தப்பாயிடுச்சு. எங்க தப்புதான்." அந்தப் பக்கம் கத்தியது எங்களுக்கும் கேட்டது. அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

பெட்டிகள் எல்லாம் இறங்கின. பேக்கிங் ஆட்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பிரித்தார்கள். நான் டெக்ஸ்ட் ஃபில்டரைத் தூக்கிவிட்டு, வரி முடிவில் திரும்பும் குறியை மட்டும் சேர்த்து மற்றதை அப்படியே விடுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இந்த முறை ஒரே ஒரு லேபிளை அடித்து, உரித்து, பெட்டியில் ஒட்டி, மகேந்திரனைப் படிக்கச் சொன்னேன்.

"எல்," என்றார். இன்னொன்று ஒட்டினேன். "ஆர்."

அதன் பிறகுதான் மீதியை ஓடவிட்டேன்.

லாரி போய்ச் சேர்ந்தபோது அங்கே லைன் நின்றுபோயிருந்தது. சுந்தரம் சார் நேரில் போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தார். லினக்ஸ் மெஷின் டிஸ்பாட்சிலேயே இருக்கட்டும் என்று மகேந்திரனிடம் சொன்னார்.

இப்போது சிஸ்டம் அட்மின் வேலைக்கு வருகிறவர்கள் பிரிண்டர் கம்ப்ளெய்ன்ட் என்றால் டெஸ்ட் பேஜ் ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பாதீர்கள். அந்தத் தாள் யார் கைக்குப் போகிறதோ அவர் பக்கத்தில் நில்லுங்கள். அவர் அதை உரிக்கட்டும், ஒட்டட்டும், வாய்விட்டுப் படிக்கட்டும். தாள் வெளியே வந்ததும் நம் வேலை முடிந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. அவருடைய வேலை அங்கேதான் தொடங்குகிறது.