பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு விமானம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவரை எங்கள் மாங்காடு ஃபிளாட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் என்பதால் அப்பா என் பொறுப்பானார். அந்த வருடம் மருந்துக்கடையைத் தாண்டிப் போனது அபூர்வம். காலையில் அவர் கண்ணயரும் அரைமணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன்.

சில நாட்கள் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் பக்கமாகத் தாழ்ந்து வரும். அவற்றைப் படமெடுக்க ஆசை வந்தது. பூந்தமல்லியில் கடையை நிரந்தரமாக மூடிக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரரிடம் பழைய கேமராவும் ஜூம் லென்ஸும் வாங்கினேன்.

"பறக்கறதெல்லாம் இதுல சிக்காதும்மா. கண்ணாலம், காதுகுத்துக்கு எடுத்துக்கினு இருந்தது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். லென்ஸ் தானாக ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் விமானம் போய்விடும். நல்ல லென்ஸுக்கு வழியில்லை. அதனால் தூரத்து செல்போன் டவருக்குக் கையாலேயே ஃபோகஸ் வைத்து, வளையம் நகராமல் டேப் சுற்றினேன். அப்படியும் படங்கள் மங்கலாகவே வந்தன. கையை மட்டும் ஆட்டுகிறேன் என்பது புரியவே ஒரு மாதமானது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து விமானத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பட்டனை அழுத்திய பிறகும் நின்றுவிடக் கூடாது. விமானம் வராத நாட்களில் காக்கைகளை வைத்துப் பழகினேன்.

ஒருநாள் அப்படி நாலு விமானங்களை எடுத்துவிட்டுத் திரும்பினால், மாடிக்கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் நின்றது வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்காது. என் போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. வீட்டுச்சாவியோ என் கையில். மூன்று மாடிக்குக் கீழே, பூட்டிய வீட்டுக்குள் அப்பா தனியாக.

கதவைத் தட்டினேன், உதைத்தேன். கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிக் கத்தினேன். கத்தும்போதெல்லாம் ஒரு விமானம் வந்து என் குரலை விழுங்கிக்கொண்டு போனது. அப்பா எழுந்திருக்க முயன்று விழுந்திருப்பாரோ? கொடியில் காய்ந்த யாரோ ஒருவருடைய புடவைகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே வீசினேன். மூன்றாவது புடவை தெருவில் பூ விற்கும் அக்காவின் கூடைமேல் விழுந்தது.

"இன்னாமா, பைத்தியமா புடிச்சிகீது?"

"அக்கா, மாடியில மாட்டிக்கிட்டேன்! வாட்ச்மேனைக் கூப்பிடுங்க, அப்பா தனியா இருக்காரு!"

அவர் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கதவைத் திறந்த வாட்ச்மேனின் முகம் வெளுத்திருந்தது. "நீ மேல கீறது எனக்குத் தெரியாதும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நின்று கேட்கவில்லை.

அப்பா விழவில்லை. படுக்கை நனைந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய், சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறார். அதற்கு முன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. துடைத்து, உடை மாற்றும்வரை என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அன்று இரவு கணவர் கேட்டார்: "அந்த கேமரா அவசியமா?"

கேமராவை அலமாரியில் வைத்துவிட்டேன்.

பிறகு பல வாரங்கள் மாடிக்குப் போகவில்லை. அப்பாவின் அறையை ஒட்டிய பால்கனியில் நிற்கும்போதுதான் கவனித்தேன்: கம்பிகளுக்கு வெளியே, எதிரெதிர்க் கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு வானம். விமானம் அதைக் கடக்க மூன்று வினாடி ஆகும். மறுபடி கேமராவை எடுத்தேன். லென்ஸைக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்தால் பக்கவாட்டில் அரை அடிகூடத் திரும்ப முடியாது. சத்தத்தைக் கேட்டு, விமானம் தெரிவதற்கு முன்பே திரும்பத் தொடங்க வேண்டும்.

பெரும்பாலும் படத்தில் எதிர்வீட்டுச் சுவர்தான் விழுந்தது. ஒரு மழை ஓய்ந்த காலையில், இறக்கைக்கு அடியில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறைவரை தெளிவாக ஒரு படம் கிடைத்தது. கேமராவின் சின்னத் திரையை அப்பாவின் கண்ணருகே கொண்டுபோய்க் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு நன்றாக இருக்கும் வலது கையால் காலி டீ டம்ளரைக் காட்டினார். கேமராவைக் கட்டில்மேல் வைத்துவிட்டு டீ போடப் போனேன்.