ஒரு சாணில் மறைந்த வாத்து

விருத்தாசலத்தில் நான் குத்தகை எடுத்த ஏரியில் மீன்கள் செத்து மிதந்தபோது, தண்ணீரைச் சோதிக்கக் கல்லூரியிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, யாரிடம் பேசினாலும் பார்வை ஏரித் தண்ணீர் மேல்தான் இருக்கும்.

“களிமண்ணு கழுவுன தண்ணியத்தாங்க வுடறோம், விஷமா என்ன?” என்று சிரித்தார் கரையோர செராமிக் பட்டறை முதலாளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா அவரிடமே ஒரு வெள்ளைப் பீங்கான் வாத்துப் பொம்மையைக் கேட்டு வாங்கி, கயிற்றில் கட்டி ஏரியில் இறக்கினார். ஒரு சாண் ஆழத்திலேயே அது மறைந்தது.

“உங்க களிமண்ணு கலங்கல்ல இதுக்குக் கீழ வெளிச்சமே போவல,” என்றார் அவரிடம். “ வெளிச்சம் இல்லாட்டி உள்ள இருக்குற செடி வேர் வழியா ஆக்சிஜன் வுடாது. வேரைச் சுத்தி இருக்குற பாக்டீரியா அத வச்சுத்தான் மீன் கழிவோட நஞ்சை முறிக்குது. நீங்க விஷம் ஊத்தலீங்க, விஷத்தை முறிக்கிறத கொன்னுட்டீங்க.”

முதலாளி வாத்தைக் கழுவித் துடைத்து, விற்பனைக்கு அடுக்கியிருந்த வாத்துகளோடு வைத்தார். அந்த அம்மா அதைப் பிடுங்கி உடைக்காமல் எப்படித்தான் நின்றாரோ! எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.