பன்றிக்கு ஒரு பெட்டி, பேப்பருக்கு ஒரு பெட்டி

துவக்குக் கடையில் வேலை செய்யக் குறி பார்க்கத் தெரியவேண்டியதில்லை. வாயை எப்போது மூடுவது என்று தெரிந்தால் போதும்.

எனக்கு அது வராது. படிப்பும் வரவில்லை, பாதியில் விட்டுவிட்டேன். இப்போது கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், துப்பாக்கியும் தோட்டாவும் விற்கும் ஒரு வேட்டைச் சாமான் கடையில் நிற்கிறேன். அம்மா ரூ பஜோல் தெருக் கோயிலில் கேட்பவர்களுக்கு 'ஸ்போர்ட் கடை' என்று சொல்லிவைத்திருக்கிறா. சோதனைக் காலம் முடிந்தால் நிரந்தர வேலை. முதலாளியின் நிபந்தனை ஒன்றுதான்: வாடிக்கையாளரிடம் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடாது. நாள் முழுக்க நின்று பல்லைக் காட்டும் தோழர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

மான் படம்

குகன் அண்ணை ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் பேப்பர் இலக்குச் சுடுவார். போட்டி வருகிறதாம். வந்ததும் வராததுமாய், கடையிலேயே விலை கூடிய சன்னப் பெட்டியைத் தூக்கினார் (சன்னம் என்றால் தோட்டா). மூடியில் கொம்பு விரித்த மான்.

"அண்ணை, அது வேட்டைக்கு. உடம்புக்குள்ளை போய் விரியிறதுக்கெண்டு செய்தது. பேப்பருக்கு மற்றது எடுங்கோ. ஓட்டையெல்லாம் கிட்டக்கிட்ட விழும்" என்றேன்.

அவர் மான் பெட்டிக்கே காசைக் கொடுத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, மானையே விழுத்துறது பேப்பரை விழுத்தாதோ?"

பர்சுக்குள் ஒரு காகிதம்

மிஸ்யே ரோலான் பன்றி வேட்டைக்காரர். மற்றவர்கள் பேரப்பிள்ளை படம் வைத்திருக்கும் இடத்தில் இவர் சுட்ட இலக்குக் காகிதம் வைத்திருக்கிறார். ஐந்து ஓட்டையையும் ஒரு யூரோ நாணயக் குற்றியால் மறைக்கலாம். இலக்குச் சன்னத்தால் சுட்டது. அதே சன்னத்தைப் பன்றிக்கும் கேட்டார்.

வேண்டாம் என்றேன். (ஓம், அதே சொல்தான்.) அது காகிதத்தில் ஒரே இடத்தைத் தேடிப் போகச் செய்தது, உடம்புக்குள் என்ன செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போகலாம், தோலிலேயே உடைந்தும் போகலாம். பன்றி காயத்தோடு ஓடும். வேட்டைச் சன்னம் காகிதத்தில் கொஞ்சம் சிதறினாலும் பன்றியின் நெஞ்சு யூரோக் குற்றி அளவில்லையே. "காகிதம் ஓடாது மிஸ்யே" என்றேன்.

காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். முதலாளி கல்லாவிலிருந்து கேட்டார்:

"சனிக்கிழமை உன் சோதனைக் காலம் முடிகிறது, ஞாபகம் இருக்கிறதா?"

சனிக்கிழமை

இரண்டு பேரும் ஒன்றாக வந்து தொலைத்தார்கள். முதலாளி பக்கத்திலேயே நின்றார். என் வேலை போனதென்றே நினைத்தேன்.

குகன் அண்ணை விரித்த பேப்பரில், எண்ணெயில் கடுகு வெடித்த மாதிரி எங்கும் ஓட்டை. மிஸ்யே ரோலானின் சப்பாத்தில் சேறு. வேறு கடையில் இலக்குச் சன்னம் வாங்கிப் போயிருக்கிறார். பன்றி அடிபட்டு ஓடியிருக்கிறது. நாயை விட்டு மழையில் பொழுதுபடும்வரை தேடித்தான் கண்டுபிடித்தார்களாம். கூட்டாளிகள் இப்போது இவரைக் 'காகித வேட்டைக்காரன்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இதையெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மான் பெட்டியை மிஸ்யே ரோலான் முன்னால் வைத்தேன், மற்றதைக் குகன் அண்ணை முன்னால். அண்ணையின் கண் மட்டும் மிஸ்யே திறந்த பர்சிலிருந்த அந்த ஐந்து ஓட்டைக் காகிதத்தை விட்டு நகரவில்லை. "கேட்டுப் பார் தங்கச்சி, அதை எனக்குத் தருவாரோ? கிளப்பிலை காட்டத்தான்."

இருவரும் காசு கொடுத்துப் போனபின் முதலாளி ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளினார்.

"வேண்டாம் என்று சொல், பரவாயில்லை. கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொல்."

கையெழுத்து வைத்துவிட்டேன், என் சிரிப்புக்குத்தான் இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை.