டைல்ஸுக்கு அடியில்

கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். மைசூரில், ஒரு ஆடி மழையில், ஸ்மிதாவுக்கு இது நடந்தது.

ஆசைப்பட்டு வாங்கிய பழைய வீடு. உள் அறையின் சிவப்புத் தரை மட்டும் காய்வதேயில்லை. ஐந்து வயது மகள் அனுப்ரியாவுக்கு மூச்சு இழுப்பு. ஈரம் போகாவிட்டால் குழந்தையை அங்கே படுக்கவைக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தரையைப் பெயர்த்துப் போட வசதியில்லை. கணவன் ஜெயகிருஷ்ணன் இணையத்தில் தேடி, தரையில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினான். மறுநாள் ஷீட்டின் அடியில் நீர் முத்துக் கட்டியிருந்தால், ஈரம் மண்ணிலிருந்து வருகிறது என்று அர்த்தமாம்.

மறுநாள் மத்தியானம் ஸ்மிதா குனிந்து பார்த்தாள். முத்து இல்லை. நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு ஆவி வட்டம்.

அது சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது...

"ஏன்னா... இது மூச்சு விடறது."

"ஆமா கணே, உன் ரசத்தை மோந்து பாக்கறது." 'அடியே' என்பதற்கு மைசூர்க் கன்னடத்தில் 'கணே' என்பது அவன் வழக்கம்.

செலவு குறைந்த வழி அதுதான் என்று, அறை முழுக்கக் கனமான ஷீட்டை விரித்து, மேலே மணல் கொட்டி, டைல்ஸ் ஒட்டிவிட்டான். துளி இடுக்கு விடவில்லை.

தரை காய்ந்தது.

சுவரில் ஈரம் ஏறியது. வட்டமாக. அனுவின் தலையணை உயரத்தில்.

கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றினார்கள். வட்டமும் மாறியது.

அப்புறம் அந்தச் சத்தம். கர்ர்... கர்ர்... ஸ்மிதா ஓடிப்போய்ப் பார்ப்பாள். அனு கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடப்பாள்.

ஒரு சாயங்காலம் மழை. கரண்ட் போனது. சத்தம் சுவரையே அதிரவைத்தது. கணவனிடம்கூடச் சொல்லாமல் குழந்தையை வாரிக்கொண்டு ஆட்டோவில் ஓடினாள்.

டாக்டர் சோதித்துவிட்டுச் சிரித்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம். கொஞ்சமும் இழுப்பில்லையாம்.

"தினம் என் காதால கேக்கறேனே, டாக்டர்..."

"அது நான் இல்லம்மா," என்றாள் அனு. "அது மூச்சு விடறப்ப நான் விடமாட்டேன். விட்டா என் பக்கம் வந்துடும்."

போன் அடித்தது. ஜெயகிருஷ்ணன்.

"எங்க தொலைஞ்சே? குழந்தைக்கு இப்படி இழுக்கறது, தனியா விட்டுட்டுப் போயிருக்கியே!"

"ஏன்னா, அனு என்கிட்ட..."

"ரூம்ல ஒரே இருட்டு... இரு... தூக்கிண்டேன்."

கர்ர்... போனில் கேட்டது.

"ஏன் கணே... குழந்தை இப்படி நனைஞ்சிருக்கா?"

இப்போது அவர்கள் விஜயநகரில், மூன்றாவது மாடியில். அனு நன்றாக இருக்கிறாள்.

ஜெயகிருஷ்ணனுக்குத்தான் இழுப்பு. எந்த டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை. அவன் படுக்கும் பக்கம் மட்டும், கடும் கோடையிலும், மெத்தை காய்வதில்லை.